பதினேழாம் எண் கல் கத்தி

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பாதியில் யாராவது வந்து, நீ அவள்மேல் இருக்கிற கோபத்தில் பேசுகிறாய் என்று பெரிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்லக்கூடாது. ஆமாம், கோபத்தில்தான் பேசுகிறேன். பத்தொன்பது வருடக் கோபம். ஆறவிட எனக்கு நேரமில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை, ஒரே வீட்டில் குடித்தனம். அவள் அகழாய்வுக்காரி. வெயிலில் குழி தோண்டி, பல்லாயிரம் வருடங்களுக்கு முன்னால் எவனோ போட்டுவிட்டுப் போன கல் கத்திகளை எடுத்துக்கொண்டு வருவாள். நான் உள்ளே மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அந்தக் கத்தி எதை வெட்டியது என்று சொல்வேன். தோலா, எலும்பா, மரமா, புல்லா. வீட்டில் அவள் மாடி, நாங்கள் கீழே. நடுவில் பதினாறு படிகள். போதவில்லை.

இடுப்பில் எப்போதும் அளக்கிற டேப்பைச் செருகிக்கொண்டு திரிவதால் வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் 'டேப்பு'. எனக்கும் டேப்புதான். என் சமையலறையில் உப்பு டப்பாவை நான் நாலு விரல் தள்ளி வைத்தால், "இது இங்கயா இருந்துச்சு அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். என் உப்பு, என் டப்பா. இவளுக்கு என்ன வந்தது?

இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததும் அவள்தான். படிக்கிற காலத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சுக்காரி. "எங்க அண்ணனுக்கு உன்ன மாதிரி வாயுள்ளவதான் சரிப்படுவா" என்று வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். செய்த குற்றத்துக்கு இன்னும் அனுபவிக்கிறாள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அதே இடத்தில் புகைப்படக்காரர். தோண்டியெடுத்த பொருள், நான் பார்க்கிற பொருள் எல்லாவற்றையும் படமெடுப்பது அவர் வேலை. தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் வைத்திருக்கிறார். "சரி."

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

அவள் தோண்டிய மேட்டில், மேலிருந்து நாலாம் மண் அடுக்கில் நாற்பத்தொரு கல் கத்திகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். ஒரு ஓரத்தில் மட்டும் மெருகு ஏறியிருக்கும், விரலால் தடவினாலே வழுக்கும். புல், நாணல், தானியத் தாள் இவற்றின் தண்டில் கண்ணாடிக்கு உறவான ஒரு சத்து இருக்கிறது. அறுக்க அறுக்க அது கல்லின் ஓரத்தை மெருகாக்கிவிடும். நாணல் அறுத்த மெருகு ஒரு விதம், பச்சைப் புல் ஒரு விதம், முற்றின கதிர் இன்னொரு விதம். எது எது என்று எப்படித் தெரியும்? நாமே அதே மலைக்கல்லை உடைத்து, அதே அச்சில் கத்தி செய்து, நாமே அறுத்துப் பார்க்கவேண்டும். அப்படி அறுத்த கத்திதான் மாதிரி. மாதிரியை ஒரு பக்கம் வைத்து, தோண்டியெடுத்ததை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் எதனோடு எது ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும்.

நான் சும்மா உட்கார்ந்து பேசுகிறவள் இல்லை. கோதுமை வயலில் பதினோரு நாள் நின்று, ஒரு கல் கத்தியை மரப்பிடியில் பொருத்தி, ஆறாயிரம் முறை அறுத்திருக்கிறேன். பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வயல்காரர் தன் மனைவியிடம், "பாவம், படிச்ச பொம்பளை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மணிக்கட்டு வீங்கி இரண்டு மாதம் தோசைக்கரண்டி பிடிக்க முடியவில்லை. அந்த ஒரு கத்திதான் என் கதிர் மாதிரி. பஞ்சு விரித்த டிராயரில் முதல் இடம் அதற்கு.

நாற்பத்தொன்றையும் அதனோடு வைத்துப் பார்த்தேன். நாற்பது அப்படியே ஒத்துப்போயின. காட்டுத் தானியம் முற்றினால் தானாக உதிர்ந்துவிடும். கதிரை முற்றவிட்டுத் தாளோடு அறுக்கிறான் என்றால் விதைத்து வளர்த்தவன் என்று அர்த்தம். அதாவது, காட்டில் பொறுக்கியும் வேட்டையாடியும் தின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்து பயிர் செய்ய ஆரம்பித்தது இரண்டாம் அடுக்கில் இல்லை, நாலாம் அடுக்கிலேயே. இதுவரை நினைத்திருந்ததைவிட ஆயிரம் வருடம் முன்னால்.

டேப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு வருடமாக ஒத்துக்கொள்ளவில்லை.

"தானியம் கொட்டி வைக்க ஒரு குழி இல்ல. எலும்பு பூரா காட்டு மிருகம். அடுப்பு ஒரு பருவத்துக்கு மேல எரியவே இல்ல. வந்தாங்க, இருந்தாங்க, போயிட்டாங்க. இவங்க எப்படி அண்ணி விவசாயி ஆவாங்க?"

"நீ சரியாத் தோண்டலன்னு அர்த்தம்."

"நான் சரியாத்தான் தோண்டினேன்."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

"கண்ணு பொய் சொல்லாது. நீங்க அவங்கள விவசாயி ஆக்கியே தீரணும்னு நிக்கறீங்க. காட்டுல இருந்தவன் முட்டாள் இல்ல அண்ணி. நாணல் அறுத்துக் கூரை போட்டிருப்பான். அது உங்களுக்குக் கேவலமா இருக்கு."

கேவலமாகத்தான் இருந்தது. ஆயிரம் வருடத்தை முன்னால் தள்ளுகிற ஒரு விஷயத்தைக் கூரை நாணல் ஆக்கப் பார்க்கிறாள். வயிறு எரியாதா?

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுவதாக இருந்தது. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் எழும்பும் காட்சிக்கூடத்தின் வாசல் சுவரில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய. நான் எழுதிக் கொடுத்த வரி இதுதான்: 'முதன்முதலில் விதைத்து அறுத்தவர்கள் இங்கே வாழ்ந்தார்கள்.' நான் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பட்டுப்புடவை கேட்டதில்லை, தனி வீடுகூடக் கேட்டதில்லை, கேட்டிருக்கவேண்டும். அந்தச் சுவரில் அந்த வரி எனக்கு வேண்டும். அதற்காக ஆறு வருடம் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை டேப்பு என் அறைக்குள் வந்தாள். கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் திட்டியிருப்பேன்.

"அண்ணி, நாற்பது ஒத்துப்போகுது. பதினேழு மட்டும் ஏன் ஒத்துப்போகல?"

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு எண் உண்டு. பதினேழாம் எண் கத்தியின் மெருகு மற்ற நாற்பதோடும் சேரவில்லை, என் கதிர் மாதிரியோடும் சேரவில்லை. என் நோட்டில் 'இது தனி, சந்தேகம்' என்று எழுதி மூடிவிட்டேன்.

"அத வெச்சு வேற என்னத்தையோ அறுத்திருக்கான். உங்க வீட்ல எல்லாத்துக்கும் ஒரே கத்தியா வெச்சிருக்கீங்க?"

"எங்க வீட்லதான அண்ணி நீங்களும் இருக்கீங்க."

"வந்த வேலையைப் பாரு."

"வேற என்னத்தைன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கமிட்டில இதத்தான் கேப்பேன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் முதுகுல குத்திட்டேன்னு சொல்லாதீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகும்போது என் மேஜை விளக்கை ஒரு அங்குலம் நேராக்கிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பதினேழை எடுத்து மறுபடி பார்த்தேன். வழக்கமாக நாங்கள் அறுக்கிற ஓரத்தை மட்டும்தான் பார்ப்போம், மெருகு அங்கேதான் இருக்கும். பிடியில் செருகுகிற, எண் எழுதுகிற முதுகுப் பக்கத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற வழக்கமில்லை. இவள் குடைந்த குடைச்சலில் அன்றைக்கு முதுகையும் பார்த்தேன். முதுகின் விளிம்பில், பல்லுப் பல்லாகச் சீவின இடத்தில், தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. உலோகம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். செம்பு! நாலாம் அடுக்குக்காரன் உலோகத்தைக் கனவிலும் கண்டதில்லை. அவன் கத்தியின் முதுகைச் சீவ மான்கொம்பு வைத்திருந்தான். கொம்பு வைத்து அழுத்தினால் எனக்கு மணிக்கட்டு வலிக்கும் என்பதால் செம்பு முனை போட்ட ஊசி வைத்துச் சீவுகிறவள் ஒருத்திதான், அவள் நான். "கொம்புலயே செய்யுங்க அண்ணி, அதான் முறை" என்று டேப்பு நச்சரித்தபோதெல்லாம் உன் வேலையைப் பார் என்று விரட்டியிருக்கிறேன்.

ஆக, பதினேழு பல்லாயிரம் வருடத்துக் கத்தி இல்லை. நான் செய்தது! அந்த மேட்டு மண் அத்தனை காய்ந்த மண், உள்ளே இருந்து வருகிற கத்தியெல்லாம் நேற்று உடைத்தது போலத்தான் இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் கத்தி, கிடைத்தவற்றை அடுக்கி வைக்கிற அவள் தட்டில் உட்கார்ந்துகொண்டு, தோண்டியெடுத்த பொருள் என்று பதிவேட்டில் ஏறியிருக்கிறது.

யாருடைய பதிவேட்டில்? உப்பு டப்பாவின் இடத்தைக்கூட மறக்காத மகராசியின் பதிவேட்டில். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

சாயங்காலம் வீட்டில் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"மாடில தான இருக்கா. போய்ச் சொல்லிடு."

"எதுக்கு? வெள்ளிக்கிழமை அவளே கேக்கப் போறா. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"அவமானப்பட்டுடுவா."

"படட்டும். ஆறு வருஷம் நான் பட்டேன்ல?"

"உன் கத்தி அவ தட்டுக்கு எப்படிப் போச்சு? அன்னைக்குக் கண்கட்டுச் சோதனை வெச்சோமே, அப்ப..."

"உங்க தங்கச்சிக்குப் பரிஞ்சு பேசறத விட்டுட்டு வெங்காயத்தைப் பாருங்க."

ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தார். பிறகு "சரி" என்றார். மாடியில் டேப்பு நடக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அன்று இரண்டு கவளம் அதிகமாகவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. நீளமான மேஜை. கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற மண்ணியல்காரர், பிஸ்கட் தட்டை யார் பக்கமும் நகர்த்தாதவர். அவர் பக்கத்தில் காட்சிக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர், தலையாட்ட வந்தவர்கள். என் வீட்டுக்காரர் ஓரமாக நின்று புரொஜெக்டரில் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

டேப்பு எழுந்து தன் கட்சியைச் சொன்னாள். குழி இல்லை, எலும்பு காட்டு மிருகத்துடையது, அடுப்புச் சாம்பல் இத்தனை சென்டிமீட்டர். எல்லாவற்றுக்கும் அளவு. கடைசியில் திரையில் பதினேழின் படம் வந்தது.

"நாற்பது கத்தி அண்ணியோட கதிர் மாதிரியோட ஒத்துப்போகுது. இது ஒண்ணு மட்டும் போகல. ஒரே இடத்துல, ஒரே அடுக்குல கிடைச்சது. இது ஏன் மாறுதுன்னு தெரியாம சுவத்துல அவ்வளவு பெரிய வாக்கியம் எழுதறது சரியில்ல."

தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

நான் அவசரப்படவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"பதினேழு ஏன் மாறுதுன்னா, அது நாலாம் அடுக்குக் கத்தியே இல்ல. அது நான் செஞ்சது."

தலைவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"முதுகுல செம்பு இருக்கு. அந்தக் காலத்துல ஏது செம்பு? என் ஊசியில இருந்து ஒட்டினது. என் மேஜையில இருக்கவேண்டிய கத்தி இவங்க தட்டுல பழைய பொருள்னு உட்காந்திருக்கு. சாம்பலைக்கூட அளந்து அளந்து எழுதறவங்க தட்டுல எது இருக்கு, எது இல்லன்னு பாக்கல. இவங்க வந்து எனக்குச் சந்தேகம் சொல்றாங்க! இவங்க பதிவேட்டை நம்பி என்ன எழுதறது, என்ன அழிக்கறது? நீங்களே சொல்லுங்க."

நன்றாகப் பேசினேன். அதற்குமேலும் பேசினேன், எல்லாவற்றையும் இங்கே எழுதினால் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும். டேப்புவின் முகம் வெளுத்துவிட்டது. உட்கார்ந்தாள். பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். அவள் ஒவ்வொரு வரியாகத் தேடுவதை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

பிறகு அவள் தலை நிமிர்ந்தாள்.

"செம்பு நிச்சயமா அண்ணி?"

"நிச்சயம். வந்து பாரு."

"அப்ப நான் தோண்டி எடுத்த பதினேழு எங்க?"

"எங்கயாவது தொலைச்சிருப்ப."

"நான் தொலைக்க மாட்டேன்."

அவள் கத்தவில்லை. சும்மா சொன்னாள். அந்த அறையில் ஒருவரும் அதை மறுக்கவில்லை, நானும்தான். இருபது வருடத்தில் அவள் ஒரு ஓட்டைப் பொத்தானைக்கூடத் தொலைத்ததில்லை.

"இது உங்க எந்தக் கத்தி?" என்று கேட்டாள்.

நான் திரையைப் பார்த்தேன். நீளம், அகலம், நுனியில் சின்ன வளைவு. பதினேழாம் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அச்சு அசலாக அதைப் போலவே நான் ஒரே ஒரு கத்திதான் செய்தேன். அதை எடுத்துக்கொண்டுதான் கோதுமை வயலுக்குப் போனேன்.

"கதிர் மாதிரி" என்றேன்.

"கதிர் மாதிரி உங்க டிராயர்லதான இருக்கு? காலைலகூட அண்ணன் அதப் படம் எடுத்தாரே."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் புரொஜெக்டர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

ஆறு வருடங்களுக்கு முன்னால் கண்கட்டுச் சோதனை வைத்தோம். எங்கள் தொழிலில் அது ஒரு வழக்கம். கத்தியின் முதுகில் எழுதியிருக்கிற எண்ணை நெயில்பாலிஷ் துடைக்கிற திரவத்தால் அழித்துவிட்டு, மாதிரிகளையும் தோண்டியெடுத்தவற்றையும் கலந்து வைப்பார்கள். எது எது என்று ஆய்வு செய்கிறவர் மெருகை மட்டும் பார்த்துச் சொல்லவேண்டும். எண்ணை அழித்துக் கலந்தது என் வீட்டுக்காரர். எது எந்த இடத்தில் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார். பதினைந்து கத்திகள். நான் சொன்னதில் பதின்மூன்று சரி, இரண்டு தப்பு என்று சீட்டைப் பார்த்துச் சொன்னார். பதினேழையும் அதன் ஜோடியான கதிர் மாதிரியையும் நான் மாற்றிச் சொல்லியிருந்தேனாம்.

டேப்பு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் தப்பா? எனக்கா? "நான் செஞ்ச கத்தி எனக்குத் தெரியாதா? உங்க சீட்டுதான் தப்பு" என்று கத்தினேன். "பழைய படத்தை வெச்சுப் பாத்துட்டு எண் எழுதலாம் அண்ணி" என்று டேப்பு சொன்னாள். அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, நான் சொன்னபடியே நானே எண்களை எழுதினேன். என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி, நான்தான் மாத்தி எழுதியிருப்பேன்" என்றார். சீட்டைக் கிழித்துப் போட்டார். பதினைந்துக்குப் பதினைந்து என்று பதிவானது. அன்று அவருக்குப் பிடித்த குழம்பு வைத்தேன்.

"பாத்துடலாமே" என்று தலைவர் எழுந்தார்.

எல்லோரும் என் அறைக்கு வந்தார்கள். டிராயரைத் திறந்து முதல் கத்தியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் முதுகு மேலாக வைத்தேன். அந்த மைக்ரோஸ்கோப்பின் கேமரா கெட்டுப்போய் ஒரு மாதம் ஆகிறது, குனிந்து கண் வைத்துத்தான் பார்க்கவேண்டும். தலைவர் முதலில் குனிந்தார்.

"எனக்கு எல்லாம் ஒரே மூட்டமா இருக்கு. நீ பாரும்மா" என்று டேப்புவிடம் சொன்னார்.

அவள் குனியவில்லை. பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பாக்கத் தெரியாது சார். அண்ணிதான் பாக்கணும். அவங்க சொல்றத நான் எழுதிக்கறேன்."

நான் குனிந்தேன். முதுகு விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். சிவப்புக் கோடு எங்கேயும் இல்லை. கொம்பு வைத்து அழுத்தினால் விழுகிற மாதிரி மொண்ணையான, ஒழுங்கில்லாத பற்கள். என் கை இப்படிச் சீவாது.

அப்படியானால் கதிர் மாதிரி என்று இத்தனை நாள் நான் வைத்துப் பார்த்தது அவள் தோண்டியெடுத்த பதினேழு. நாலாம் அடுக்குக் கத்தி. நாற்பதும் அதனோடு ஒத்துப்போகாமல் வேறு எதனோடு ஒத்துப்போகும்? அவை அதன் கூடப்பிறந்தவை. ஒரே கூட்டம், ஒரே வேலை. அந்த வேலை என்ன என்பதை மட்டும் நான் பார்க்கவே இல்லை. கோதுமை வயலில் நான் பதினோரு நாள் நின்று அறுத்த கத்தி அவள் தட்டில் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் 'இது தனி, சந்தேகம்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

நான் தலையைத் தூக்கவில்லை. என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் செம்பு ஊசி இருந்தது. 'இருக்கு' என்று சொன்னால் போதும். எல்லோரும் போன பிறகு ஊசியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் யார் வந்து பார்த்தாலும் சிவப்புக் கோடு தெரியும். இன்னொரு கத்தியையும் இதே அச்சில் செய்திருந்தேன், மறந்துவிட்டேன், அதுதான் தட்டில் போய் விழுந்தது என்றால் யார் மறுப்பார்கள்? என் வரி சுவரில் ஏறும். பதினேழு தொலைந்தது என்று இவள் எழுதிக்கொள்வாள். தன் பதிவேட்டில், தன் கையால். நான் சொன்னால் எழுதுவாள். எழுதிவிட்டு அந்த அவமானத்தோடு பதினாறு படி ஏறிப் போய் மாடியில் உட்காருவாள். இத்தனை திட்டு வாங்கியும் என் கண்ணை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. அது எனக்கு ஆத்திரமாக வந்தது. சனியன், ஒரு தடவை சந்தேகப்பட்டுத் தொலைத்திருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன்.

"அண்ணி?"

"உன்னோடது" என்றேன்.

"என்ன?"

"உன்னோடதுன்னு சொல்றேன்ல! செம்பு இல்ல. உன் பதினேழு இதுதான். நான்தான் அன்னைக்கு எண்ணை மாத்தி எழுதினேன். உங்க அண்ணன் சீட்டு சரி. எழுதிக்கோ."

எழுதினாள். வரியின் கீழே தேதியும் போட்டாள். என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தலைவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "அப்ப அந்த நாற்பது கத்தி?"

என் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். என் கையெழுத்தை நானே படித்தேன். "பதினேழு, மற்ற நாற்பதில் எதனோடும் ஒத்துப்போகவில்லை." நோட்டை மூடினேன். "கதிர் அறுத்த கத்தி எதனோடயும் ஒத்துப்போகல சார். அவங்க கதிர் அறுக்கல. நாணலா இருக்கலாம், காட்டுப் புல்லா இருக்கலாம். இனிமேதான் பாக்கணும். விவசாயி இல்ல."

காட்சிக்கூடத்து ஆட்களில் ஒருவர் சுவரில் எழுதவேண்டியதை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார். "அப்ப இந்த வரியை எடுத்துடலாமா?" என்று தலைவரிடம் கேட்டார். டேப்பு தன் பேனாவை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அந்தத் தாளைப் பிடுங்கி மேஜைமேல் வைத்து, என் பேனாவாலேயே அந்த வரியை அடித்தேன். ஒரே கோடு. தாள் கிழிந்துவிட்டது.

அவர்கள் எல்லோரும் வெளியே போன பிறகும் அவள் போகவில்லை. பதினேழைப் பஞ்சில் சுற்றித் தன் தட்டில் வைத்தாள். என் கத்தியை என் டிராயரில் வைத்தாள், முதல் இடத்தில்.

"சந்தோஷமா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"ஆமா அண்ணி" என்றாள்.